உள்ளே தாழ்ப்பாள் போட்ட அஃப்ஷீன்

திருப்போரூரில் மனை விற்கிற சுஹைபுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம். அந்த ஒரு ஞாயிறு மட்டும் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மனைவி ரிஃபானாவையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கிற வீட்டு அருங்காட்சியகத்துக்குப் போனான். பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மரங்களுக்கு நடுவே ஒரு தெரு மாதிரி மறுபடியும் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் அங்கே.

முதல் வீட்டு வாசலிலேயே சுஹைபுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது.

"கெழக்கு பாத்த வாசல், கார்னர் மனை. இன்னா எடம் பாத்தியா!"

"இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் ரிஃபானா.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, நாலு வயது அஃப்ஷீன் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தாள். பெரிய தேக்குக் கதவு கிறீச்சென்று சாத்திக்கொண்டது. அடுத்து, உள்ளே கட்டைத் தாழ்ப்பாள் டொக்கென்று விழுந்தது.

"அஃப்சு! கதவைத் தொற!"

"மாட்டேன். இது என் வூடு."

காவலாளி உலகநாதன் ஓடிவந்தார். சுஹைப் கதவில் தோளைக் கொடுக்கப் போக, அவர் குறுக்கே பாய்ந்தார்.

"சார், சார்! நூத்தம்பது வருசத்துக் கதவு சார் இது! கீறல் விழுந்தாக்கூட எனக்கு வேலை போயிடும்." பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, "பாப்பா, சாக்லேட் தரேன், தொறம்மா" என்றார்.

"சாக்லேட் சாப்ட்டா பல்லு போயிடும்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சுஹைப் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட வாடிக்கையாளரையும் மடக்குகிற குரலை எடுத்தான்.

"செல்லம், அத்தா உனக்கு இதை விடப் பெரிய எடம் காட்டறேன். வெளிய வா."

"நீ காட்ற எடத்துல வூடே இல்ல. கல்லுதான் நட்டு வெச்சிக்கீது."

கூட்டம் சிரித்தது. ஏழு வயது முபஷ்ஷிர்கூட, "ஆமாத்தா, வெறும் கல்லுதான்" என்று ஒத்து ஊதினான்.

"சரி, ஏம்மா உள்ள பூந்துகினே?"

"இங்க கீழ்வூட்டு ஆன்ட்டி இல்ல. குதிச்சா யாரும் மேல வந்து கத்த மாட்டாங்க."

தொம், தொம், தொம் என்று குதிக்கிற சத்தம் கேட்டது. சுஹைப் குடும்பம் இருப்பது வாடகைக்கு, ஒரு மாடிப் போர்ஷனில். காலையில் தரையில் டம்ளர் விழுந்தால்கூடக் கீழே இருந்து குரல் வரும். பிள்ளைகளைப் பூனை மாதிரி நடக்கச் சொல்லிச் சொல்லியே ரிஃபானாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஊருக்கெல்லாம் இடம் காட்டுகிற மனுஷன் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான்.

ரிஃபானா அவனை மெல்ல விலக்கிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதவை மரியாதையாகத் தட்டினாள்.

"வூட்ல யாருங்க?"

குதிப்பது நின்றது. பிறகு, "நீங்க யாரு?"

"திருப்போரூர்லேர்ந்து விருந்தாடி வந்திருக்கோம்மா. வெயில்ல நிக்கிறோம். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

"எத்தினி பேரு?"

ரிஃபானா திரும்பிப் பார்த்து எண்ணினாள். "பதினாலு பேரு."

உள்ளே பலமான யோசனை. "செருப்பைக் கழட்டிட்டுத்தான் வரணும்."

தாழ்ப்பாள் இரண்டு முறை சிக்கி, மூன்றாவது முறை நகர்ந்தது. கதவு திறந்தது. அஃப்ஷீன் துப்பட்டா மாதிரி கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள்.

திட்டுவதற்காக முன்னால் வந்த உலகநாதன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். பதினாலு பேரும் சில்லென்ற தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அஃப்ஷீன் ஒவ்வொருவரிடமும் வந்து, காலிக் கையைக் குவித்து நீட்டினாள்.

"டீயே போட்டுட்டேன். சக்கரை போதுமா?"

"கொஞ்சம் தூக்கலா கீதும்மா" என்றார் உலகநாதன், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

கடைசியாகச் சுஹைபிடம் வந்தாள். அவன் அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். "இன்னொரு டம்ளர் கெடைக்குமா?" என்று கேட்டான். அஃப்ஷீன் அவன் மடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் உலகநாதன் முதல் வேலையாகக் கதவைச் சணல் கயிற்றால் சுவரோடு சேர்த்துக் கட்டினார். "அடுத்த தபா பாப்பாவைக் கையில புடிச்சிகினு வாங்க சார்" என்றவர், பார்வையாளர் புத்தகத்தை முபஷ்ஷிரிடம் நீட்டினார். "நீ எழுதுப்பா, எப்டி இருந்துச்சுன்னு."

முபஷ்ஷிர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றபடி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். உலகநாதன் சத்தமாகப் படித்தார்:

"வீடுகள் நன்றாக உள்ளன. பாத்ரூம் எங்கும் இல்லை."

அவர் தலை நிமிர்ந்து, "டிக்கெட் கவுண்டருக்குப் பின்னாடி கீதுப்பா" என்று முடிப்பதற்குள் பையன் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.