இருநூற்றுப் பதினோரு அடி மேசை

பெல்டர் ஊர்க் காப்பிக் கடையில் ஒரெஸ்ட் பாபியாக்குக்கும் ஹால்வர் லிண்டுக்கும் நடுவில் கிடந்த மேசை, மாகாணத் தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் நாலு விரற்கடை நீண்டிருந்தது. ஐந்தாம் ஆண்டில் வளர்ச்சி நின்றபோது அதன் நீளம் இருநூற்றுப் பதினோரு அடி. அளந்தவர் நிலம் அளக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆகையால் அளவில் சந்தேகம் வேண்டாம். மேசை நீள ஆரம்பித்த அந்த வாரம் கனோலாக் கடுகு நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஊரில் பலபேர் விஷயத்தைக் கவனிக்கவே இல்லை.

அது சாதாரண மேசை. மேலே சாம்பல் நிறத் தகடு, ஓரத்தில் அலுமினியப் பட்டை, எட்டு பேர் உட்காரலாம். காலை ஒன்பது மணிக்கு லாரி மாதிரி வண்டிகளை வாசலில் ஓடவிட்டபடியே நிறுத்திவிட்டு, விதைக் கம்பெனிக்காரன் கொடுத்த தொப்பியைக் கழற்றாமல் வந்து உட்காருவார்கள். இதற்குக் காப்பி வரிசை என்று பெயர். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் ஆள் குடியிருக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒன்று உண்டு. நாட்டை அங்கேதான் ஆண்டார்கள். தலைநகர் ஒட்டாவாவில் இருப்பவர்கள் சம்பளத்துக்குச் செய்வதை இவர்கள் இலவசமாகச் செய்தார்கள், அதுவும் பத்தரை மணிக்குள். கோதுமை வாரியம், துப்பாக்கிப் பதிவு, எரிபொருள் புகைக்குப் போட்ட கரி வரி, எண்ணெய்க் குழாய், டொராண்டோக்காரர்களின் அறியாமை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்த்துவிட்டு, மழை வருமா என்ற கேள்வியில் மட்டும் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போவார்கள். ஜன்னல் பக்கத்து முனை ஒரெஸ்டுக்கு. சமையலறைப் பக்கத்து முனை ஹால்வருக்கு. இருவரும் வேறு வேறு கட்சி. எவர் எந்தக் கட்சி என்று இங்கே எழுதுவதில் பயன் இல்லை, அந்தந்தக் கட்சியும் அவர்களைப் பெரிதாக நினைத்ததில்லை.

"உன் ஆளு கட்டுறேன்னு சொன்ன பாலம் எங்கடா? நான் செத்தா அது மேலதான் என்னைத் தூக்கிட்டுப் போகணும்னு எழுதி வெச்சிருக்கேன்" என்று ஹால்வர் தொடங்குவார்.

"உன் ஆளுங்க இருந்திருந்தா இந்நேரம் ஆத்தையே வித்திருப்பானுங்க. அப்புறம் பாலம் எதுக்கு?" என்பார் ஒரெஸ்ட்.

முப்பத்தோரு ஆண்டுகளாக இப்படி. ஒருவர் வாயை ஒருவர் கிழித்துவிட்டு, அறுவடைக்கு ஒருவர் நிலத்தில் ஒருவர் இயந்திரம் ஓட்டுவார்கள். ஹால்வரின் களஞ்சியம் தீப்பிடித்தபோது முதல் ஆளாக வந்தவர் ஒரெஸ்ட். அணைத்து முடித்துச் சாம்பலோடு நின்றுகொண்டே, தீயணைப்பு வண்டிக்குப் பணம் ஒதுக்காதது யார் கட்சி என்று ஆரம்பித்தவரும் அவர்தான்.

ஒரு தேர்தலின்போது பனிப்புயலில் இருவரும் ஒரே வண்டியில் வாக்களிக்கப் போனார்கள். போக முப்பது கிலோமீட்டர், வர முப்பது, வழியெல்லாம் சண்டை. திரும்பி வந்து காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டு நின்றபோது, ஹால்வரின் மனைவி ஆஸ்ட்ரிட் சொன்னாள்: "நீங்க ஒரு கோடு போடுறீங்க, அவர் அதை அழிக்கிறார். ரெண்டு பேரும் வீட்டுலயே கிடந்தா கணக்கு அதேதானே வரும்?" ஆண்கள் இருவரும் யோசித்துப் பார்த்தார்கள், அவள் சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. அன்றே கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வாக்களிக்கும் நாளில் இருவரும் போவதில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து, மரப்பலகையில் ஆணி நகர்த்தி ஆடும் கிரிபேஜ் சீட்டாடுவது. அன்று ஒரு நாள் அரசியல் பேசுவதில்லை. பதின்மூன்று தேர்தல்கள் அப்படிக் கழிந்தன. கடையை வாங்கி நடத்த வந்த மரிசெல் என்ற பிலிப்பினோப் பெண், அந்த ஒரு நாள்தான் கடையில் காது வலிக்காத நாள் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டு வைப்பாள்.

பதினான்காவது தேர்தலின்போது ஒரெஸ்டின் மனைவி ஸ்டெஃபானியா பெல்டர் முதியோர் இல்லத்தில் இருந்தாள். பெயர்களை மறந்துகொண்டிருந்தாள், கணவனை மட்டும் கைச் சூட்டால் அடையாளம் கண்டாள். மத்தியானம் ஒரெஸ்ட் போய் முட்டைக்கோஸ் சுருளை ஊட்டிவிட்டு, மூன்று மணிவரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டிலிருந்து இல்லத்துக்கு இருநூறு தப்படி தூரம்தான். அந்த இல்லத்தை மூடிவிட்டு இருக்கிறவர்களை நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளி நகரத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மூட விடமாட்டேன் என்று ஒரெஸ்டின் கட்சி வேட்பாளர் வாசலில் நின்று, ஸ்டெஃபானியாவின் சக்கர நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். டிராக்டர் விற்றவர், நம்பும்படி பேசுவார்.

ஒரெஸ்ட் ஒப்பந்தத்தை மனதுக்குள் விரித்து, சரக்கில் குறை தேடும் வியாபாரி மாதிரி புரட்டிப் பார்த்தார். வாக்களிக்கும் நாளில் போவதில்லை என்றுதான் இருந்தது. ஒரு வாரம் முன்னாலேயே போடும் முன்கூட்டிய வாக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வியாழக்கிழமை வண்டிக்கு எண்ணெய் வடிகட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஊருக்குப் போனார். தேர்தல் அலுவலகத்தில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். வடிகட்டியும் வாங்கினார், பொய் சொன்னதாக ஆகக் கூடாதல்லவா. தேர்தல் நாளன்று வழக்கம்போல வந்து ஹால்வருக்கு எதிரில் உட்கார்ந்து ஏழு ஆட்டம் ஆடினார், ஐந்தில் தோற்றார்.

அவர் வேட்பாளர் ஒரே ஒரு வாக்கில் ஜெயித்தார். மறுபடி எண்ணினார்கள், அதே ஒன்று. மறுநாள் காலை ஒரெஸ்ட் சர்க்கரைக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார், கை நாலு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. அவர் மட்டும் கவனித்தார். அந்த ஒற்றை வாக்கைப் போட்டது யார் என்று ஊரே ஒருவரையொருவர் குடையத் தொடங்கியது. வாக்குக்குப் போகாமல் மீன் பிடிக்கப் போனவர்களைச் சொந்த மனைவிமார்களே திட்டினார்கள். இரண்டாம் நாள் கால்நடை மருத்துவர் க்ளென், ஒப்பந்தத்தை யாராவது மீறியிருந்தாலும் அதே ஒன்றுதானே வரும் என்று பொதுப்படையாகச் சொல்லி வைத்தார். ஹால்வர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒரெஸ்ட் என் எதிர்ல உக்காந்து காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் தோத்துக்கிட்டிருந்தான். அவனைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, உன் பசுவெல்லாம் வேற டாக்டரைத் தேடணும்."

ஒரெஸ்ட் சொல்லியிருக்கலாம். வாயில் ரொட்டி இருந்தது, விழுங்கும்வரை காத்தார், அதற்குள் பேச்சு யூரியா விலைக்குப் போய்விட்டது. அன்று மேசை ஒரு முழு அடி நீண்டது. தரையோடு தேய்ந்து கிறீச்சிட்டதை எல்லோரும் கேட்டார்கள்.

அதன்பின் அது நிற்கவில்லை. சொல்ல வாய்ப்பிருந்தும் ஒரெஸ்ட் சொல்லாத ஒவ்வொரு நாளும் நீண்டது. காரணம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஹால்வரின் நாற்காலி முதலில் சமையலறைக் கதவை இடித்தது. மரிசெல் அடுப்பை இடம் மாற்றினாள். பிறகு பின்சுவர். தச்சரைக் கூப்பிட்டு மேசை அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் பஞ்சு அடைத்தாள். பின்சந்தைத் தாண்டி, ரயில்வேக்காரர்கள் பிடுங்கிப்போன தண்டவாளத்தின் மேட்டில் ஏறி, அது பாட்டுக்குப் போயிற்று. ஊராட்சி மன்றம் கூடி, பனி அகற்றும் வண்டி அந்த இடத்தில் வளைந்து போகவேண்டும் என்று தீர்மானம் போட்டது. மேசை நீண்டால் இடமும் கிடைக்கும் என்பதால், அதுவரை காப்பி வரிசையில் சேராதவர்களும் வந்து இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் ஒரு கட்சி, மறுபக்கம் மற்றது. இவ்வளவு நல்ல ஏற்பாடு சட்டசபையில்கூடக் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த இருவர் விஷயம் வேறு. மேசையை விட்டு எழுந்தாலும் அந்த இடைவெளி கூடவே வந்தது. தெருவில் ஒருவரையொருவர் நோக்கி நடந்தால், மேசையின் அன்றைய நீளத்தில் காற்று கெட்டிப்பட்டு இருவரையும் நிறுத்திவிடும். ஹால்வர் அங்கிருந்தே தொப்பியை ஆட்டுவார்.

ஜெயித்தவர் பதவியேற்ற பதினான்காம் மாதம் முதியோர் இல்லத்தை மூடினார்கள். சத்தியம் பண்ணியவர் மிகவும் வருந்துவதாகக் கடிதம் அனுப்பினார், எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே கடிதம். ஸ்டெஃபானியாவை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சாலை மூடாத நாட்களில் மட்டும் ஒரெஸ்டால் போக முடிந்தது. போன நாட்களிலும் அவள் கையைக் கொடுக்கப் பயந்தாள். மார்ச் மாதம் பிறக்கும் முன்பே இறந்துபோனாள். பெல்டர் தேவாலயத்தில் அடக்க ஆராதனை நடந்தபோது மேசை அறுபது அடி. ஹால்வரால் வாசல்படிவரைகூட வர முடியவில்லை. மைனஸ் முப்பத்தொரு டிகிரியில் வண்டிகள் நிற்கும் இடத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றார். இடது காதின் நுனி கருத்துப்போய் பிறகு உதிர்ந்தது.

அதைக் கேட்டபோதும் ஒரெஸ்ட் சொல்லவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டார், காது எப்படி இருக்கு என்றார், காற்று எந்தத் திசை என்றார், வைத்துவிட்டார். அன்றிரவுக்குள் மேசை இன்னும் பதினோரு அடி நீண்டது. ஹால்வரோ தப்பு தன்னுடையது என்று முடிவு கட்டியிருந்தார். என் நாக்கு நீளம், அதனால்தான் மேசை நீளுது என்று ஆஸ்ட்ரிட்டிடம் சொன்னாராம். அன்றிலிருந்து ஒரெஸ்டின் கட்சியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. கரி வரியில்கூட நியாயம் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். மேசையின் அந்த முனையிலிருந்து இந்த மரியாதை வந்து சேரச் சேர, ஒரெஸ்டுக்குக் காப்பி இறங்கவில்லை. மேசை கடுகு வயலுக்குள் நுழைந்தது.

ஐந்தாம் ஆண்டு வசந்தத்தில் ஹால்வரின் நுரையீரலில் ஏதோ வளர்ந்திருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அவர் நகரத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு, என் நாற்காலியில் கொண்டுபோய் விடுங்க என்றார். காதும் மந்தமாகிவிட்டது, தொலைபேசியில் எதுவும் கேட்பதில்லை. ஆஸ்ட்ரிட் காலையில் கம்பளி சுற்றி வயலோரத்தில் உட்கார வைப்பாள். ஜன்னல் முனையிலிருந்து பார்த்தால் தொப்பி மட்டும் ஒரு புள்ளியாகத் தெரியும்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சுமார் ஒன்பதே கால் மணிக்கு, ஒரெஸ்ட் பக்கத்திலிருந்த க்ளெனின் சட்டைக்கையைப் பிடித்தார். "நான் சொல்றதைப் பக்கத்து ஆளுக்குச் சொல்லு. அப்படியே அந்தக் கோடி வரைக்கும் போகட்டும்" என்றார். பிறகு சொன்னார்:

"ஹால்வர், அந்த ஒத்தை ஓட்டு என்னோடது. ஸ்டெஃபியைக் கொண்டுபோயிடக் கூடாதுன்னு முன்னாடியே போய்ப் போட்டேன். உன் எதிர்ல உக்காந்து சீட்டும் ஆடினேன்."

க்ளென் திரும்பி அடுத்தவரிடம் சொன்னார். நாற்பத்து மூன்று பேர் வாயிலாக அது போயிற்று. அந்த வாக்கால் தோற்ற கட்சிக்காரர்கள் பாதி, ஜெயித்தும் ஏமாந்த கட்சிக்காரர்கள் பாதி. எவரும் ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை, தன் கருத்து என்று எதையும் சேர்க்கவில்லை. பெல்டர் ஊரில் மேசை நீண்டதைவிட இது பெரிய அதிசயம் என்று சொல்பவர்கள் உண்டு. மரிசெல் கெட்டிலை அணைத்துவிட்டு நின்றாள். கடைசி ஆள் ஆஸ்ட்ரிட். அவள் குனிந்து, கணவனின் நல்ல காதில் சொன்னதைத் தூரத்திலிருந்து எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரெஸ்ட் இரண்டு கையையும் தகட்டின்மேல் விரித்து வைத்து, அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த முனையிலிருந்து ஹால்வரின் பதில் வர வர, தொப்பிகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கின. க்ளெனின் முறை வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மடையா, ஸ்டெஃபிக்காகன்னு சொல்லியிருந்தா நானும் உன் வண்டியிலயே ஏறி வந்து அவனுக்கே போட்டிருப்பேனே. ரெண்டு ஓட்டுல ஜெயிச்சிருப்பான். அப்பவும் மூடியிருப்பான்."

அன்றோடு மேசை நின்றது. அதன்பின் ஒரு நூலளவும் நீளவில்லை. குறையவும் இல்லை. ஒன்பது நாள் இருவரும் அந்தந்த முனையில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இருந்தவர்கள் வழியாகக் கரி வரியைப் பற்றி மோசமான வார்த்தைகள் போய்வந்தன. பத்தாம் நாள் காலை ஹால்வர் வீட்டிலேயே, ஜன்னலோரக் கட்டிலில் போய்விட்டார்.

செய்தி வந்தபோது ஒரெஸ்ட் எழுந்தார். மேசையை ஒரு கையால் தொட்டுக்கொண்டே, சுவர் ஓட்டை வழியாகக் குனிந்து, பின்சந்தைக் கடந்து, தண்டவாள மேட்டில் ஏறி இறங்கி, முளைவிட்ட கடுகுக்குள் நடந்தார். காற்று எங்கும் தடுக்கவில்லை. முட்டி வலிக்கிற கிழவருக்கு மூன்று நிமிஷம் பிடித்தது. ஹால்வரின் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்து கடையின் ஜன்னல் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்.

அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் இப்போது மேசையைச் சுற்றி விதைக்கிறார், அறுக்கும் இயந்திரத்தை அந்த இடத்தில் வளைத்து ஓட்டுகிறார். ஒரெஸ்ட் தினமும் வயல் முனையில்தான் உட்காருகிறார். காப்பியை மரிசெல் சிறிய தள்ளுவண்டியில் அனுப்புகிறாள், நாற்பது கை மாறி அது வந்து சேரும்போது ஆறியிருக்கும். அவர் அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை.