சிவப்பு நாடா ஒட்டிய கேன்

பாசி வளர்க்கும் தொட்டி செத்துப்போனால் வரும் நாற்றம் ஆய்வகத்தில் யாருக்கும் பழகியதில்லை. அழுகிய மீனையும் ஊறிய சாக்கையும் ஒன்றாக மூடிவைத்துத் திறந்த மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பூச்சி உள்ளே புகுந்து நுண்பாசியை மேய்ந்துவிட, பச்சைத் தண்ணீர் பழுப்புக் குழம்பாகிவிடும். அதில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, கேனில் அடைத்து, மூடியில் சிவப்பு நாடா ஒட்டி, யார் கையும் படாதபடி பின்பக்க மூலையில் தனியாக வைப்பார்கள். கழிவு எடுக்கிறவர்கள் வந்து கொண்டுபோவார்கள்.

அன்று மூலையில் கேன் இல்லை.

"உங்க மாமாதாம்மா போன வாரம் எடுத்துட்டுப் போனாரு. மருந்துன்னாரே" என்றார் காவலாளி.

ஆய்வகத்தில் எல்லோரும் 'பாசி' என்று கூப்பிடும் அந்த ஆய்வாளப் பெண்ணுக்கு அது எங்கே போயிருக்கும் என்று புரிந்துவிட்டது. மாமா அவள் அக்காவின் புருஷன். ஆய்வகத்து வண்டி ஓட்டுபவர். ஒருநாள் சாப்பிடும்போது அவள்தான் பெருமை தாங்காமல் சொல்லியிருந்தாள், பாசியிலிருந்து பிரிக்கிற ஒரு பொருள் வைரஸ் மேலே ஒட்டிக்கொண்டு, அதை உடம்பின் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது என்று. "கண்ணாடித் தட்டுலதான் பார்த்திருக்கோம், மனுஷங்களுக்குக் குடுக்க இன்னும் எவ்வளவோ சோதனை இருக்கு" என்றும் சொன்னாள். அதற்குள் மாமா கை கழுவ எழுந்துவிட்டார்.

அக்கா மகளுக்கு எப்போது பார்த்தாலும் சளி.

ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அந்த நாற்றம். உள்ளே அக்கா குழந்தையை மடியில் கிடத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா கையில் கரண்டி. பாசி அதைத் தட்டிவிட்டாள். பழுப்புக் குழம்பு கோழை மாதிரி சுவரில் வழிந்தது.

"என்னடி, கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"அக்கா, அது செத்த தொட்டித் தண்ணி! பிளீச்சிங் பவுடர் போட்டது!"

அக்கா தன் புருஷனைப் பார்த்தாள்.

"நாடா ஒட்டி, யாரையும் தொடவிடாம தனியா வச்சிருந்தீங்களே," மாமா இழுத்தார். "உசத்தியான சரக்கைத்தானே அப்படி ஒதுக்கி வைப்பாங்க? அதான் தேன் கலந்து…"

"சித்தி, நான் முழுங்கவே இல்ல," என்றது குழந்தை. "தினமும் வாயிலேயே வச்சிருந்து அந்தப் பூந்தொட்டில துப்பிட்டேன்."

ஜன்னலோரப் பூந்தொட்டியில் செடி கருகிச் சாய்ந்திருந்தது. மண்மேல் ஆடை கட்டிய அழுக்கில் ஈ மொய்த்தது. பாசி குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். கன்னத்தின் உட்புறம் வெந்தது போலச் சிவந்திருந்தது.

"கிளம்புக்கா, டாக்டர்கிட்ட போகணும்."

"அதான் துப்பிட்டாளே," என்றார் மாமா. "கொஞ்சம் உள்ள போயிருந்தாலும் உடம்புக்கு நல்லதுதான்."

பாசி கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள். "அப்ப நீங்க குடிங்க மாமா."

அவர் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனதும் முகம் கோணியது. தலையைத் திருப்பிக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குத்தான் சளி இல்லையே."

அக்கா எழுந்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வண்டிச் சாவியை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தங்கையிடம் கொடுத்தாள்.