ஏழு பேருக்கு ஒரே வசனம்

தடால்!

அறைக்குள் காலடி வைத்தவள் அப்படியே நின்றாள். பேராசிரியர் அவளுடைய பேட்டித்தாள் கட்டை மேஜைமேல் போட்ட சத்தம் அது.

"உக்காரும்மா. ஏழு பொம்பளைங்ககிட்ட பேட்டி எடுத்திருக்க. ஏழு பேரும், 'மதியத்துக்கு மேல தண்ணி குடிக்க மாட்டோம், பாத்ரூமுக்கு எழுந்து போனா முறைப்பாங்க'ங்கிறாங்க. ஒரு வார்த்தை கூட மாறலை. நாடகமா போடுற?"

"நான் எழுதலை சார். அவங்க சொன்னது."

"அப்ப யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க. யாருன்னு கண்டுபிடி. இல்லேன்னா இந்த அத்தியாயத்தையே தூக்கிடு."

தூக்கிவிட்டால் மிஞ்சுவது முன்னுரையும் நன்றியுரையும்தான். தையல் ஆலைப் பெண்களுக்குக் கிடைக்காத சமூகநீதி என்று தலைப்பு வைத்து, நாலு வருஷமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டுகிறாள்.

பஸ் ஏறும்போதே மனசு அரிக்கத் தொடங்கியது. அந்த ஏழு பேரையும் கூட்டி வந்தது சித்தி. அவளும் அதே ஆலைதான். பேட்டி நடந்ததும் அவள் வீட்டுச் சமையலறையில்தான். போன மாதம் அவளை சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். சும்மாவா ஆக்குவார்கள்? ஆய்வு பொய் என்றாகிவிட்டால் ஆலைக்குத்தானே கொண்டாட்டம்?

சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடி டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டரை இந்தத் தெரு இப்பத்தான் பாக்குது."

வழக்கமாக இதற்குச் சிரித்துவிடும் இவள் இன்று சிரிக்கவில்லை.

"பேட்டிக்கு முன்னாடி அவங்ககிட்ட என்ன பேசின சித்தி?"

கத்தி நின்றது. "யார் சொன்னா?"

"உன்னை எதுக்கு சூப்பர்வைசர் ஆக்கினாங்க?"

"ஓ, அப்படி வர்றியா?" சித்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அது இவளுக்கு இன்னும் உறுத்தியது. "பதவி கொடுத்தா வாயை மூடிக்குவேன்னு பார்த்தாங்க. வாங்கிக்கிட்டேன். மூடலை."

"அப்ப அந்த வசனம்?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"அத்தனையும் பொய்யா?"

"பொய்யில்லடி. அது எல்லாருக்கும் நடக்குறது. அதுக்கு மேல ஆளுக்கொரு கதை இருக்கு. ஒருத்திக்குக் கரு கலைஞ்சுது. ஒருத்தி கையைப் பிடிச்சு இழுத்தாங்க."

"அதைத்தானே நான் கேட்டேன்? பேரை மாத்திடுவேன்னு சொன்னேனே சித்தி."

"பேரைத்தான் மாத்துவ, கதையை வெச்சே மேனேஜர் ஆளைப் பிடிச்சிடுவான். ஏழு பேரும் ஒண்ணையே சொன்னா, எவளைடி வெளியே அனுப்புவான்?"