முழுகாமல் நின்றவன்

"கோயிலும் வேணாம், ஆஸ்பத்திரியும் வேணாம். யாரும் எதையும் வேண்டிக்காத ஊராப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் வெற்றிச்செல்வி.

திருச்சியில் பார்த்துவந்த வைத்தியத்தை அந்த மாதத்தோடு நிறுத்தியிருந்தோம். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனிமேல் ஊசி வேண்டாம் என்று சொன்னது அவள்தான். டாக்டரம்மா கூட, சரிம்மா என்றார்.

நான் செந்துறைத் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனுவும் எழுதிக் கொடுப்பேன். எதையும் விசாரித்து, ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு செய்கிற பழக்கம். வேளாங்கண்ணி வேண்டிக்கொள்கிற ஊர், ராமேஸ்வரமும் அப்படியே என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்ததில் தரங்கம்பாடி மிஞ்சியது. கடல், கோட்டை, கடலைப் பார்த்த அறைகளோடு ஒரு விடுதி. 'குடும்பத்தோடு தங்க ஏற்ற இடம், குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் உண்டு' என்று போனில் போட்டிருந்தது. முதல் பாதியைப் படித்தவன், அடுத்ததையும் கொஞ்சம் நின்று படித்திருக்கலாம்.

"தம்பியையும் கூட்டிக்கலாம். அவனும் சிவரஞ்சனியும் கல்யாணத்துக்கு அப்பறம் எங்கயும் போவல. அம்மாவும் வரட்டும்" என்றாள்.

தம்பி என்றால் ரஞ்சித்குமார். பெரம்பலூரில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறான். வெற்றிச்செல்விக்கு அவன் தம்பி மட்டும் இல்லை. அப்பா செத்து, அம்மா குஞ்சம்மாள் களையெடுக்கப் போன காலத்தில் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் இவள். நீச்சல் கற்றுக் கொடுத்ததும் இவள்தான். ஊரில் இருந்த பம்புசெட் கிணறு எதிலும் அவர்கள் தெருப் பிள்ளைகளை இறங்கவிட மாட்டார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்துவிட்டுப் போட்ட பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும். அதில் பின்னாலிருந்து ஒரே தள்ளு. "முங்கி எந்திரிச்சா மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு. கண்ணைத் தொறந்ததும் மொதல்ல என்னைத்தான் தேடுவான்" என்று இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று தெரியாது. சொல்லும்போதெல்லாம் அவள் முகம் ஒரு தினுசாக மலரும்.

பயணம் என்றதும் என் மாமியார் போனில் இழுத்தார்.

"சிவரஞ்சனிக்கு ஒடம்பு சரியில்லடி. பித்தம். கார்ல ஏறுனாலே கொமட்டுது."

"எலுமிச்சம்பழம் வாங்கிக்கலாம்மா."

"வெயிலா வேற இருக்கு."

"கடலுக்கு வெயில்ல போவாம மழையிலயா போவாங்க?"

போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "நம்மகூட வர அவளுக்கு இஷ்டமில்ல போல. புதுப் பொண்ணு, அவங்க ரெண்டு பேரா போவணும்னு நெனைப்பா." சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அது அவள் மனசில் கிடந்தது. மறுநாள் ரஞ்சித்தே கூப்பிட்டான். "வரோம்க்கா. நீ கூப்புட்டு வராம இருப்பனா?"

மே மாத விடுமுறை. ஜெயங்கொண்டம் வழியாக அணைக்கரைப் பாலம் தாண்டி, பந்தநல்லூர், மயிலாடுதுறை என்று போனோம். நான் முன்னால், பெண்கள் மூவரும் பின்னால். வெற்றிச்செல்வி நடுவில் உட்கார்ந்துகொண்டு சிவரஞ்சனியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பெண் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

ரஞ்சித்துக்குத் தாடி காடாக வளர்ந்திருந்தது.

"என்னடா மாப்ள, காதல் தோல்வியா?" என்றேன்.

"இப்ப எல்லாரும் இப்புடித்தான் வெக்கிறாங்க மாமா."

உண்மைதான், ஊரில் பாதிப் பயல்கள் அப்படித்தான் திரிகிறார்கள். நானும் விட்டுவிட்டேன்.

விடுதியில் பெயர் எழுதிய பெண் நல்ல மாதிரியாகக் கேட்டது. "குட்டீஸ் எத்தன பேருங்க சார்? கீழ ஊஞ்சல், சறுக்கு எல்லாம் இருக்கு. சாயந்திரம் அவங்களுக்கு மேஜிக் ஷோ."

நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். வெற்றிச்செல்வி குறுக்கே வந்தாள்.

"ஒரே ஒரு குட்டிதாம்மா. அந்தா, பெட்டி தூக்கிட்டு வருது பாரு. இருவத்தெட்டு வயசு, தாடி வெச்சிருக்கு. சறுக்குல ஏத்துவீங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. ரஞ்சித் மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி தூக்கினான்.

அந்த ஊர் முழுக்கக் குழந்தைகளாகத்தான் இருந்தது. கோட்டைச் சுவரில், பஞ்சுமிட்டாய்க்காரனைச் சுற்றி, எங்கள் அறைக்கு நேர் கீழே இருந்த ஊஞ்சலில். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவள் எழுந்துபோய் அதைத் திறந்தாள். "கடலைப் பாக்கத்தான வந்தோம்?" என்றாள்.

மறுநாள் காலை கடலில் இறங்கினோம்.

அன்று அவளைப் பார்த்தவர்கள் யாரும் வருஷக்கணக்காக ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுந்தவள் என்று சொல்லமாட்டார்கள். முதல் அலைக்கு என் கையைப் பிடித்தாள். இரண்டாவதற்கு விட்டாள். அப்புறம் என்னைவிட முன்னால் போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அலை அலையாக எதிர்த்து நின்றாள். வாயில் உப்புத் தண்ணீர் போனால் துப்பிவிட்டு அதற்கும் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமியாரும் சிவரஞ்சனியும் கரையில், படகு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சித் அதற்கும் தண்ணீருக்கும் நடுவில், எங்கள் எல்லோருடைய செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நுரை கொஞ்சம் நீண்டு வந்தால் பின்னால் நகர்ந்துகொள்வான்.

"டேய், செருப்புக்குக் காவலா நிக்கிற? வாடா!"

"சளிக்கா. நீ குளி."

"சளியா? ஐப்பசி மழையில ராத்திரி பூரா நனைஞ்சிட்டு வருவியே, அப்ப வராத சளியா?"

"வேணாம்க்கா, சொன்னாக் கேளு."

"பாருங்க இவனை" என்று என்னிடம் திரும்பினாள். "சுண்ணாம்புப் பள்ளத்துல நான் கத்துக்குடுத்த நீச்சலே கெட்டுப்போச்சு. பொண்டாட்டி முன்னாடி மானம் போவுது, முழுகாம நிக்கிறான்!"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். "போடா, அக்கா கூப்புடுறால்ல" என்று வேறு சொன்னேன்.

அவள் கரைக்கு ஓடினாள். அவன் கையிலிருந்த செருப்புகளைப் பிடுங்கி மணலில் எறிந்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் நினைத்திருந்தால் உதறியிருக்கலாம். லாரி டயரையே ஒற்றையாளாகக் கழற்றுகிறவன். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் கையை அவன் உதறியதில்லை. இரண்டடி இழுபட்டான், நின்றான், மறுபடி இழுபட்டான்.

கரையிலிருந்து மாமியார் எழுந்து ஓடி வந்தார்.

"அடியே, விடுடி அவனை! அவ முழுகாம இருக்காடி!"

அலைச் சத்தத்தில் கடைசிச் சொற்கள்தான் இவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"முழுகாமதான் இருக்கான்! அதான் முழுக வைக்கப் போறேன்ல!" என்று கத்திக்கொண்டே அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள், பள்ளத்தில் தள்ளுகிற அதே தள்ளு. அலை சரியாக வந்து அவன் தலைக்குமேல் போயிற்று.

அவன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக் கண்ணைத் திறந்தான். அவள் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றாள். ஆனால் அவன் அவளைத் தாண்டிக் கரையைப் பார்த்தான். படகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வயிற்றில் வைத்து சிவரஞ்சனி நின்றுகொண்டிருந்தாள்.

மாமியார் தண்ணீர் முழங்கால்வரை நனைக்க வந்து நின்றார். அலை பின்வாங்கியதால் இந்தத் தடவை முழுசாகக் கேட்டது.

"அவ முழுகாம இருக்காடி. அவன் எப்புடிடி கடல்ல முழுகுவான்?"

மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் கடலில் இறங்கக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாடி, பித்தம், கையிலிருந்த செருப்பு என்று எல்லாம் எனக்கு அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தது. அவளுக்கும் சேர்ந்திருக்கும்.

வெற்றிச்செல்வி கரைக்குப் போய்த் துண்டை எடுத்துவந்தாள். அவன் தலையை இழுத்துக் குனியவைத்துத் துவட்டினாள். தாடியை, காதுக்குப் பின்னால், கழுத்தை. அவ்வளவு அழுத்தித் துவட்ட வேண்டியதில்லை.

"எத்தனை மாசம்?" என்று கேட்டாள். அவனைக் கேட்கவில்லை.

"மூணு ஆரம்பிச்சிருக்கு அண்ணி" என்றாள் சிவரஞ்சனி. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நல்லா இரு. வெயில்ல நிக்காத, போய் ரூமுல படு."

அறைக்கு வந்ததும் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, அந்த ஓட்டல் சமையக்கட்டுல கொஞ்சம் மஞ்சப்பொடி கேட்டு வாங்கியாங்க." விடுதிக்காரர்கள் ஒரு காகிதத் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள், முகத்துக்குப் பூசவா என்று கேட்டார்கள். மாமியார் தன் உள்பாவாடை ஓரத்தைக் கிழித்து, மஞ்சளில் நனைத்து, ஒரு ரூபாய் வைத்து முடிந்தார். குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, ஒன்றும் ஆகக் கூடாது என்று முணுமுணுத்தார். வெற்றிச்செல்வி கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வேண்டிக்கொள்ளாத ஊர்.

"ஏம்மா, என்கிட்டச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருக்கப் போறேன்?"

மாமியார் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார். "உன் மனசு நோவுமேன்னுதான்டி. எங்களுக்குத் தெரிஞ்ச மாசம்தான் நீ திருச்சியில எல்லாத்தையும் விட்டுட்டு வந்த. நாலு மாசம் ஆவட்டும்னு..."

"அவங்க அம்மா வூட்டுக்குத் தெரியுமா?"

மாமியார் முடிச்சை மடியில் செருகினார்.

"பக்கத்து வூட்டு ரெங்கம்மாளுக்கு?"

மிஞ்சிய மஞ்சளைக் காகிதத் தட்டோடு சுருட்டினார். தெரியும் என்று அர்த்தம்.

இன்னும் ஒரு நாள் தங்குவதாகத்தான் ஏற்பாடு. அன்று மதியமே கிளம்பிவிட்டோம். யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். கார் கதவைத் திறந்தபோது வெற்றிச்செல்வி சொன்னாள்: "சிவரஞ்சனி, நீ முன்னாடி உக்காரு. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும்." சரியான யோசனைதான். ஆனால் வரும்போது தோளில் சாய்ந்துகொண்டு வந்த தலை, திரும்பும்போது அவளுக்குப் பக்கத்தில் இல்லை. நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

மயிலாடுதுறை தாண்டியபின் ரஞ்சித் கண்ணாடியில் பார்த்துப் பேசினான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா."

"எப்ப?"

அவன் கியரை மாற்றினான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள்.

அணைக்கரையில் இளநீர் குடிக்க நிறுத்தினான். எல்லோரும் இறங்கியதும் அவளருகே வந்து நின்றான். நனைந்த பேன்ட் அப்போதுதான் காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"வளைகாப்புக்கு மொத வளையல் நீதான்க்கா போடணும்."

"அதை அம்மாகிட்டக் கேட்டுக்க."

மாமியார் அங்கேதான் நின்றார். இளநீருக்குள் குழாயைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு சொல், அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். பிள்ளையில்லாதவள் கையால் முதல் வளையல் என்றால் ஊர் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. மகளை நினைத்து அவர் அழுத அழுகை எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தச் சொல் வரவில்லை. ரஞ்சித்தும் அம்மாவைப் பார்த்துவிட்டு, காசு கொடுக்கப் போய்விட்டான்.

செந்துறையில் எங்களை இறக்கிவிட்டு அவர்கள் போனார்கள். சிவரஞ்சனி கண்ணாடியை இறக்கி, "வரேன் அண்ணி" என்றாள். "பாத்துப் போ, மேடு பள்ளத்துல மெதுவா ஓட்டச் சொல்லு" என்றாள் இவள்.

வீட்டுக்குள் வந்ததும் புடவை மாற்றாமல் சாமி அலமாரிக்கு எதிரே போய் நின்றாள். உள்ளே ஆணியில் மஞ்சள் முடிச்சுகள் கொத்தாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு கோயிலிலும் எங்களுக்காக முடிந்தவை. பழையவை வெளுத்து எந்தக் கோயிலுடையது என்பதே மறந்துவிட்டது.

"ஒரு ரூவா இருந்தாக் குடுங்க."

கொடுத்தேன். துணி கிழித்து, மஞ்சளில் நனைத்து, முடிந்தாள்.

"எந்தச் சாமிக்கு?" என்றேன்.

"எதுக்காவது. நான்தான் தள்ளுனேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா..." முடிச்சை மற்றவற்றுக்கெல்லாம் முன்னால், தனியாகத் தெரிகிற மாதிரி மாட்டினாள். "நம்மளுது கெடக்கட்டும். இது மொதல்ல."

அலமாரியைச் சாத்தினாள். தலைமுடியில் இன்னும் மணல் இருந்தது.

"கடல் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள். "நான் கரையிலயே நின்னிருக்கலாம்."