சோறு போட்ட கை

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டு, விஜயதசமி. மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில், சிறிதரன் வீட்டில் தாம்பாளம் நிறைய அரிசி பரப்பி வைத்திருந்தார்கள். மூன்று வயது கல்யாணிக்கு ஏடு தொடக்கல். மகளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்க வேண்டியவன் தகப்பன். எந்தக் கையைப் பிடிப்பது என்ற கவலை அவனை இரண்டு கிழமையாகத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளை எதையும் இடக்கையால்தான் எடுப்பாள்.

இதெல்லாம் ஒரு கவலையா என்பீர்கள். சிறிதரனும் இடக்கைக்காரன்தான். யாழ்ப்பாணத்தில் வாத்தியாரிடம் விரல் மொழியில் அடி வாங்கியே வலக்கைக்கு மாறியவன். எஞ்சினியரிங் படிக்க மெல்பேர்ன் வந்த இடத்தில், ஆள் குறைகிறதென்று லக்ரோஸ் ஆட இழுத்துவிட்டார்கள். நுனியில் வலை கட்டிய தடியால் பந்தை ஏந்தி ஓடி, கோலுக்குள் எறிகிற விளையாட்டு. தடியைத் தொட்டதும் அவனுடைய இடக்கை தன்பாட்டில் விழித்துக்கொண்டது. அவன் எறிந்தால் கோல் காப்பவன் திண்டாடிப்போவான். அந்தக் கையைப் பார்த்துத்தான் எழுபத்து நான்கில் கனடாவில் ஒரு டீம் சம்பளம் பேசிக் கூப்பிட்டது. இரண்டு சீசன் ராசா மாதிரி ஆடினான். பிறகு டீமை இழுத்து மூடிவிட்டார்கள். மெல்பேர்ன் திரும்பினால், காசுக்கு ஆடியவனைச் சேர்க்க முடியாதென்று பழைய கிளப் கையை விரித்தது. முப்பத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்தது.

முதல் சீசன் முடிந்ததும் ஊருக்குப் போய் யோகாவைக் கட்டியபோது, கனடாவில் 'கொம்பனி வேலை' என்றுதான் சொல்லியிருந்தான். விளையாட்டுக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அவள் மெல்பேர்ன் வந்து இரண்டு வருடமாகியும் அவன் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. ஆறடி ஆட்கள் மோத வந்தபோது அசையாத வீரன், பெண்டாட்டிக்கு முன்னால் பூனை!

கல்யாணி மடியில் ஏறியதும் இடது சுட்டுவிரலை அரிசியில் வைத்தாள்.

"அந்தக் கையில்லையம்மா, சோத்துக்கை," என்றாள் யோகா.

விருந்துக்கு வந்திருந்த விமலாதேவி அன்ரி விடவில்லை. "இப்பவே திருத்திப்போடும் சிறி. பொம்பிளைப் பிள்ளையெல்லே."

சோத்துக்கை! சிறிதரனுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. எனக்குச் சோறு போட்டது மற்றக் கை, யோகா. உன் கழுத்தில் கிடக்கிற தாலிக்கொடியும் அந்தக் கை உழைத்ததுதான். சொன்னால், நாலு வருடமாக ஏன் மறைத்தீர்கள் என்று அன்ரிக்கு முன்னால் கேட்பாளே. விழுங்கிக்கொண்டான்.

மகளின் வலக்கையைப் பிடித்தான். அது மரக்கட்டையாக விறைத்து நின்றது. 'அ' கோணலாக வந்து விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கல்யாணி இடக்கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாவி, என் பிள்ளைக்கும் இதை நானே செய்துவிட்டேனே என்று சிறிதரனுக்கு நெஞ்சு எரிந்தது.

"பாத்தியளே, பழகியிட்டாள்," என்றாள் யோகா பூரிப்போடு.

"ஓம்," என்றான் அவன்.