மூன்று வினாடிக் கேள்வி

காலை பத்தே காலுக்கு அக்கா தன் வெள்ளைத்தடியால் பட்டறைக் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே வந்தபோதே குட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. அக்கா இந்நேரம் வீட்டில் உட்கார்ந்து தன் சொற்பட்டியலை விரலால் ஒருமுறை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"எழுந்திருக்க மாட்டேங்குதுடி," என்று சொல்லி, பையிலிருந்து கைக்கணினியை எடுத்து நீட்டினாள். "ராத்திரி சார்ஜுல போட்டேன். காலையில எடுத்தா கல்லு மாதிரி கிடக்கு."

உள்ளங்கையைவிடச் சற்று நீளமான கருவி அது. திரை கிடையாது. மேலே ஆறு விசைகள். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் பிரெய்ல் எழுத்து விழும். கீழே இருபது சின்னக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசிமுனைகள் எழுந்தும் அமிழ்ந்தும் எழுத்தாகும், விரலால் படித்துக்கொள்ளலாம். பார்வை இல்லாதவர்களுக்கென்றே செய்தது. இதை வைத்திருப்பவர்கள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். செய்கிறவர்கள் இரண்டே பேர்: நிரல் எழுதும் குட்டியும், மின்பலகைகளைப் பற்றவைக்கும் ஈயமும். குட்டிக்கு முப்பத்து நான்கு வயது. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஈயத்துக்கு ஐம்பதைத் தாண்டியாயிற்று. எந்நேரமும் விரல் நுனியில் ஈயம் ஒட்டியிருப்பதால் வந்த பெயர்.

அக்கா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாவதற்கான தேர்வை எழுத வயது வரம்பு உண்டு, அவளுக்கு இதுதான் கடைசி முறை. வழக்கு வழக்காகச் சேர்த்த பதினாலாயிரம் சொற்கள் இந்தக் கருவிக்குள் இருந்தன. சொந்தக் கருவியைக் கொண்டுவரலாம் என்று தேர்வு விதியே சொன்னது. ஆனால் கேள்வித்தாள் ஒரு கோப்பாகத்தான் வரும். அந்த வகைக் கோப்பைக் கருவியை இயக்கும் பழைய சிஸ்டத்தால் திறக்க முடியாது.

இதை வைத்துத்தான் பட்டறையில் எட்டு மாதம் சண்டை நடந்தது.

"ஒரே சிஸ்டம் போதும்," என்பது ஈயத்தின் கட்சி. பழைய சிஸ்டத்துக்கு அவர் சின்னவன் என்று பேர் வைத்திருந்தார். தட்டினால் இரண்டே வினாடியில் எழுந்துவிடுவான், ஒரு சார்ஜில் மூன்று வாரம் உழைப்பான். குறிப்பெடுப்பான், கணக்குப் போடுவான், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "பெரியவனையும் கொண்டுவரணும்," என்பது குட்டியின் கட்சி. மற்றக் கணினிகளில் ஓடும் பெரிய சிஸ்டத்தைச் சுருக்கி இதற்குள் அடக்கினால் எந்தக் கோப்பையும் திறக்கலாம், இணையம் படிக்கலாம். சார்ஜ் இரண்டு நாள்தான் நிற்கும். அதனால் என்ன, இரண்டு பேரும் இருக்கட்டும், வேண்டியவனை எழுப்பிக்கொள்ளலாம்.

"ஒரு வீட்டுல ரெண்டு எஜமான் வெச்சா வேலைக்காரன் பாடு என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்பார் ஈயம்.

கடைசியில் குட்டி ஜெயித்தாள். ஜெயித்ததோடு நிற்காமல், அக்காவின் தேர்வுக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்பதற்காக, வெளியாட்கள் பத்துப் பேரிடம் ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்தைத் தாண்டிக் குதித்து, நேற்று மாலை அப்டேட்டை அனுப்பியும்விட்டாள். அக்காவுக்கு மட்டும் தனியாக அனுப்ப வழி இல்லை. எல்லாக் கருவிகளும் ஒரே இடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

"குடுக்கா, பார்க்கறேன்." பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் நான்கு துளைச் சின்னச் செருகியில் பட்டறை ஒயரை மாட்டினாள். அந்த ஒயரின் மறுமுனை அவளுடைய கணினியில் இருக்கும். கருவி எழும்போது என்னென்ன செய்கிறது என்பதை வரிவரியாக அதில் பார்க்கலாம். கருவிக்குத் திரை இல்லாததால் பட்டறையில் அந்த ஒயர்தான் கண்.

தட்டினாள். வரிகள் ஓடின. சரசரவென்று இருபது கட்டங்களும் எழுந்தன. பெரியவன் வந்துவிட்டான்.

"வேலை செய்யுதேக்கா!"

"நல்லா இருக்குடி. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற மாதிரி."

ஒயரைக் கழற்றி, அணைத்து, மறுபடி தட்டினாள். ஒன்றுமில்லை. கட்டங்கள் தட்டையாகக் கிடந்தன. ஒயரை மாட்டினாள், எழுந்தது. கழற்றினாள், செத்தது. எட்டு முறை செய்தாள், எட்டு முறையும் அப்படியே. அதற்குள் பட்டறைத் தொலைபேசி அடித்தது. ஈயம் எடுத்துப் பேசிவிட்டு வந்து, விரலை மடக்கிக் காட்டினார். "மூணாவது ஆளு. இவருக்கும் எழலையாம். ரேடியோ நிலையத்துல செய்தி வாசிக்கிறவர், பதினோரு மணிச் செய்தி கையில இல்லாம நிக்கறார்."

அப்டேட்டை எடுக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் கடிதம் அனுப்பலாம் என்று குட்டி ஒரு கணம் நினைத்தாள். அவர்கள் கடிதம் படிப்பதே இந்தக் கருவியில்தான்.

"சின்னவனை மட்டும் திரும்ப ஏத்திடு," என்றார் ஈயம். "நாப்பது நிமிஷ வேலை. உயிரோட இருக்கும்ல?"

"கேள்வித்தாளை எப்படித் திறக்கறது?"

"பெரியவனை மட்டும் ஏத்து."

"அதுக்கு முழுசா அழிக்கணும்ணே. பதினாலாயிரம் வார்த்தை உள்ள இருக்கு. எடுத்து வெச்சுத் திரும்பப் போடணும்னா மூணு மணி நேரம்."

மணி பதினொன்றரை. ஈயம் வாயைத் திறந்தார். நான் அப்பவே சொன்னேன் என்ற வாக்கியம் உதடு வரை வந்து நின்றது குட்டிக்குத் தெரிந்தது. அக்காவைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார். அவர் அதைச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

நிரலை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எழுத்துகள் கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை. மூடி சரியில்லையோ என்று பார்த்தாள், பேட்டரியை மாற்றினாள், பலகையை ஊதினாள். தெரியாதவன் செய்கிற வேலையெல்லாம் செய்தாள். பன்னிரண்டு அடித்தது. அக்கா செத்த கருவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிரார்த்தனை மாதிரி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"குட்டி. இது செத்துப்போச்சுன்னு சொன்னல்ல?"

"ம்."

"செத்தது சில்லுனுதானே இருக்கணும்? இது சூடா இருக்கு. நேரம் ஆக ஆக ஏறுது. உள்ள யாரோ நடையா நடக்கறாங்கடி."

குட்டி எழுந்து வந்து தொட்டாள். சூடு. சும்மா கிடக்கும் பலகை சுடாது. ஓயாமல் ஓடும் பலகைதான் சுடும். அப்படியானால் இது விழித்துத்தான் இருக்கிறது. எதற்கோ காத்துக்கொண்டு, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு...

"ஐயோ," என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா, நான்தான். என்னோட கேள்விதான்."

"அழாம சொல்லு. புரியற மாதிரி."

எவ்வளவு நெருக்கடியிலும் அக்கா இப்படிக் கேட்டுவிட்டால் குட்டிக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரமாக அக்காவின் கையில் வைத்து விளக்கியவள் அவள்.

"நீ தட்டினதும் முதல்ல முழிக்கிறது சிஸ்டம் இல்லக்கா. அதுக்கு முன்னாடி ரொம்பக் குட்டியா ஒரு நிரல் இருக்கு. நாங்க எழுப்பின்னு சொல்லுவோம். சிஸ்டத்தைத் தட்டி எழுப்பிட்டு ஒதுங்கிக்கும், அவ்வளவுதான் வேலை. வீட்டுல ஒரே பிள்ளைன்னா எழுப்பறவங்களுக்குக் குழப்பம் இல்ல. ரெண்டு பேர் படுத்திருந்தா?"

"யாரைன்னு கேக்கணும்."

"அதேதான். மூணு வினாடி கேக்கும். முதல் விசையை அமுக்கினா சின்னவன், ஆறாவதுன்னா பெரியவன், ஒண்ணும் பண்ணலன்னா கடைசியா யாரோ அவன். இதோட நான் இன்னொரு காதும் வெச்சேன். பட்டறை ஒயர் வழியா ஏதாவது வந்தா, குட்டி வேலை பண்றா, அவ சொல்ற வரைக்கும் யாரையும் எழுப்பாதேன்னு நிக்கச் சொன்னேன். எனக்கு வசதியா இருக்கும்னு."

"உன் ஒயர்தான் என் வீட்டுல இல்லையே."

"இல்ல. மாட்டியிருந்தா ஒயரே அந்தத் துளையை அடக்கி வெச்சிருக்கும். ஒயர் இல்லாதப்போ அந்த நாலு துளையில ஒண்ணு அந்தரத்துல தொங்குது. எதோடயும் சேராத கம்பி சும்மா இருக்காதுக்கா, ஏரியல் மாதிரி ஆயிடும். சுவத்துக்குள்ள ஓடற மின்சார ஒயரோட முனகலையெல்லாம் பிடிச்சுக்கும். எழுப்பிக்கு அது நான் ஏதோ சொல்ற மாதிரி கேக்குது. நின்னுடுது. நான் மேற்கொண்டு சொல்லுவேன்னு காத்துக்கிட்டே நிக்குது. சின்னவன் தனியா இருந்த வரைக்கும் கேள்வியே இல்ல, அதனால இந்தக் காதும் இல்ல."

"இதை ஒயர் இல்லாம ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கலையா நீங்க ரெண்டு பேரும்?"

குட்டி மேசைப் பக்கம் திரும்பினாள். மேசைமேல் ஐந்து சோதனைக் கருவிகள் கிடந்தன. ஐந்துக்கும் மூடி இல்லை, ஐந்திலும் ஒயர் தொங்கியது. கழற்றினால் மறுபடி மாட்ட வேண்டுமே என்று எட்டு மாதமாக யாரும் கழற்றியதில்லை.

"கண்ணு இருக்கறவங்களால வந்த வினை," என்றாள் அக்கா.

எழுப்பியைத் திருத்தி எழுதலாம். ஆனால் அதை அவசரத்தில் ஏற்றி ஒரு வரி பிசகினால் கருவி நிஜமாகவே கல்லாகிவிடும். ஈயம்தான் வழி சொன்னார். அந்தரத்தில் தொங்கும் துளையையும் பக்கத்தில் மின்சாரம் இருக்கும் துளையையும் ரெசிஸ்டர் என்ற, இரண்டு கால் உள்ள சின்ன மின்தடையால் இணைத்துவிட்டால் போதும். கம்பிக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், முனகல் ஏறாது. கால் வளைத்த ரெசிஸ்டரைச் செருகி மேலே ஒட்டுநாடா ஒட்டினார். மூடி மூடவில்லை, அதனால் மூடி இல்லாமலே விட்டார்கள். தட்டினாள். சரசரவென்று எழுந்தது. பெரியவன், அவனுக்குள்ளே சின்னவனின் சொற்பட்டியல், முழுதாக.

மணி பன்னிரண்டே முக்கால். ஈயம் அக்காவை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். குட்டி தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது நிற்கவே இல்லை. "அம்மா, என் மருந்து நேரமெல்லாம் அதுலதான் இருக்கு." "மேடம், நாளைக்கு என் பொண்ணு கல்யாணம், பேச வேண்டியதை எழுதி வெச்சிருந்தேன்." ரெசிஸ்டர் ஒன்று வாங்கி மூன்றாம் துளையில் செருகுங்கள் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? "பார்க்கறேங்க, கூப்பிடறேங்க," என்று சொல்லிச் சொல்லிப் பெயர்களை எழுதிக்கொண்டாள். முப்பத்தொன்பது பெயர்.

ஒன்றரைக்கு அவளுடைய கைபேசி அடித்தது. அக்கா. பின்னால் ஈயம் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள விட மாட்டேங்கறாங்க. மூடி இல்லாம கம்பியெல்லாம் தெரியற பொருளைக் கொண்டுபோகக் கூடாதாம். அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டு மூடி போடணும். அதோட அவங்க முன்னாடி அணைச்சுத் திரும்பப் போட்டுக் காட்டணுமாம்."

மூடி ஈயத்தின் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் ரெசிஸ்டரை எடுத்தால் எழாது. அணைத்துவிட்டால் அவ்வளவுதான்.

"அக்கா, என்னை மன்னிச்சுடுக்கா," என்றாள் குட்டி. ஒன்பது வருடம். பதினாலாயிரம் சொல். தன்னுடைய வசதிக்காக வைத்த ஒரு காது.

"உளறாதே. நீ என்ன சொன்ன? சுவத்துக்குள்ள ஓடற ஒயரோட முனகல்னுதானே?"

"ஆமா."

"அப்போ சுவரே இல்லாத இடத்துல?"

குட்டி எழுந்து நின்றுவிட்டாள். "அங்க என்ன இருக்கு? மைதானம் மாதிரி?"

"அண்ணே, இங்க காலி இடம் இருக்கா?... பின்னால விளையாட்டுத் திடல் இருக்காம். ஐயா, அதிகாரி ஐயா, ஒரு நிமிஷம் என்கூட வெயில்ல நடங்க. அணைச்சுப் போட்டுக் காட்டறேன். எழலன்னா நானே வீட்டுக்குப் போயிடறேன், உங்களுக்கும் ஒரு விடைத்தாள் குறையும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு காலடிச் சத்தம், மண்ணில். குட்டி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நட்ட நடுவுக்குப் போக்கா. கையில பிடிக்காதே, உடம்பும் ஏரியல்தான். கீழ வெச்சுட்டுத் தட்டிட்டுக் கையை எடுத்துடு. உன் போனையும் அண்ணன்கிட்ட குடுத்துத் தள்ளி நிக்கச் சொல்லு."

ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் கேட்கவில்லை.

"எழலை," என்றது ஈயத்தின் குரல், தொலைவிலிருந்து.

"இன்னொரு தடவை!"

ஒன்று. இரண்டு. மூன்று. காற்று மட்டும்.

"அதிகாரி வாட்சைப் பார்க்கறார், குட்டி."

"விளக்குக் கம்பம் எதாவது இருக்கா பாருங்கண்ணே!"

"இருக்கு. வலது பக்கம்."

"எதிர்ப் பக்கம் போகச் சொல்லுங்க. கடைசி வரைக்கும். வேலி ஓரம்."

மறுபடி காலடி. ஒரு நிமிடம் போயிற்று. பட்டறைத் தொலைபேசி அடித்தது, அவள் எடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு மிக மெல்லியதாக, மணல் சரிவது மாதிரி, இருபது கட்டங்கள் எழுந்தனவா, வேலியோரப் புல்தான் சரசரத்ததா என்று தெரியாத ஒரு சத்தம்.

"அண்ணே? அண்ணே!"

"எழுந்துடுச்சு," என்றார் ஈயம். "தேதியைப் படிச்சுக் காட்டறா. அவரும் குனிஞ்சு தொட்டுப் பார்க்கறார். சரி போங்கன்னுட்டார். போறா, குட்டி. தடிகூட ஊனாம ஓடறா." மூச்சு வாங்கினார். "உள்ள போய் அணைச்சுடாதேன்னு சொல்லியிருக்கேன். ஆமா, நடுவுல அதுவா நின்னா?"

"நின்னா அவ்வளவுதாண்ணே," என்றாள் குட்டி.

தேர்வு முடிந்து ஐந்து மணிக்குத்தான் தெரியும். அதுவரை செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கைபேசியை வைத்துவிட்டுப் பட்டியலை இழுத்து, முதலில் ரேடியோ நிலையத்துக்காரரின் எண்ணைச் சுழற்றினாள்.

"ஐயா, கைக்கணினிப் பட்டறையிலேருந்து பேசறேன். உங்க வீட்டுப் பக்கத்துல காலி இடம் ஏதாவது இருக்கா? சுவர், விளக்குக் கம்பம் எதுவும் இல்லாம?"

"எதுக்கும்மா," என்றார் ரேடியோக்காரர் எரிச்சலோடு, "வீடு கட்டப் போறியா?"

"இல்லீங்க," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.