அடிக்கு இரண்டு படை

பெற்றிசியா வரைபடம் கீறித் தந்த மிதவை கடலில் சரிவரக்கூடாது என்று அமிர்தநாயகம் ஆசைப்பட்டான். ஆனால் வேண்டுமென்று வேலையைக் கெடுக்கிற கை அவனுக்கில்லை.

அவன் பேசாலையில் பைபர்ப் படகு கட்டுகிறவன். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொறியியலாளர். அலையில் மிதவை ஏறி இறங்க, அடியில் கட்டிய கயிறு இயந்திரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும். இங்கே சரிவந்தால் அவள் பெரிய அலை தேடித் தெற்குக் கடலுக்குப் போய்விடுவாள். சரிவராவிட்டால் அடுத்த வாடைக்காற்றுக் காலம்வரை இங்கேயே இருந்து புதிதாகக் கீறுவாள்.

நாற்பது வயதுவரை கலியாணத்தை நினைக்காதவன், அவள் பட்டறைக்கு வரும் நேரம் பார்த்து முகம் கழுவினான். கூட வேலை செய்த தாராபுரத்துச் சனூன் அதைக் கவனித்துவிட்டான்.

“அவ அண்ணை எண்டெல்லோ கூப்பிடுறா. கழுவிக் கழுவித் தோல்தான் போகும்.”

வாடை தொடங்கியதும் மிதவையை இறக்கினார்கள். அது சோம்பேறி மாடு மாதிரிக் கிடந்தது. குட்டை அலைகள் அதன் மேலால் ஏறிப் போயின. தன் கணக்கே பிழை, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றாள் பெற்றிசியா. தன் வாடகை அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று வீட்டுக்கார எடித் அக்காவிடம் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகுதான் பார்த்தான். நீர்மட்டத்துக்கென்று அவள் போட்ட சிவப்புக் கோடு பாரத்தில் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடந்தது.

பேசாலையில் படகை மணலில் இழுத்துத்தான் கரையேற்றுவார்கள். அடி தேயும் என்று எந்தப் படகுக்கும் இரண்டு படை பைபர் கூடப் போடுவான். இதற்கும் கை தன்பாட்டில் போட்டுவிட்டது. மிதவையை யார் மணலில் இழுக்கப்போகிறார்கள்?

வாயை மூடியிருந்தால் போதும். அவள் மழைச்சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

“உங்கட கீறலிலை பிழையில்லை, மிஸ். நான்தான் அடிக்கு ரெண்டு படை கூடப் போட்டிட்டன்.”

அவள் கோபிக்கவில்லை. எடுக்கலாமா என்று மட்டும் கேட்டாள். கிறைண்டரைச் சனூனிடம் கொடுக்காமல் அவனே பிடித்து அடியைத் தேய்த்தான். பைபர்த் தூள் கழுத்தெல்லாம் அரித்தது.

அடுத்தமுறை மிதவை ஒவ்வோர் அலைக்கும் துள்ளியது. பெற்றிசியா சிரித்தபடி அவன் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு கையை விட்டுக் கமராவைத் தேடினாள்.

படகில் கரைக்குத் திரும்பும்போது, தெற்கில் இதைவிடப் பெரிதாகச் செய்யவேண்டும் என்றாள். “நல்ல வேலைகாரர் ஒராளைப் பாத்துத் தாங்கோ, அண்ணை. உங்களை மாதிரி.”

உங்களையே வரச்சொன்னால் வருவீர்களா என்று கேட்பாள் எனக் காத்திருந்தான். அவள் திரும்பி மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பம், மிஸ்” என்றான்.

எஞ்சினைக் குறைத்தான். எவ்வளவு குறைத்தும் கரை கிட்ட வந்துகொண்டேயிருந்தது.